ஏவலும் மீட்டலும்: கணிப்பொறிப் புழுக்கள் கற்பித்த பாடம்

பாரதக் கதையில், பதினெட்டு நாட்போர் முடிந்தபின் நிகழும் நிகழ்ச்சி ஒன்று நம் சிந்தனைக்குரியது. துரோணரின் மகன் அசுவத்தாமன் ஒரு புல்லைக் கையிலெடுத்து, மந்திரம் ஓதி, உலகையே எரிக்கவல்ல கணையாக்கி ஏவுகிறான். அதனைத் தடுக்க அருச்சுனனும் அத்தகைய கணையையே ஏவுகிறான். இரண்டும் மோதினால் உலகம் தாங்காது என்று கண்ட வியாசரும் நாரதரும் இடையில் நின்று, இருவரும் தத்தம் கணைகளைத் திரும்பப் பெறுமாறு பணிக்கின்றனர். அருச்சுனன் தன் கணையை மீட்டுக்கொள்கிறான். அசுவத்தாமனால் அது இயலவில்லை. ஏவும் மந்திரத்தை அறிந்தவன் மீட்கும் ஆற்றலைப் பெற்றிருக்கவில்லை. அதனால் அவன் கணை, போரில் எப்பங்கும் கொள்ளாத ஒரு கருக்குழந்தையின் மேல் சென்று பாய்ந்தது.

இருவர் கையிலும் இருந்த படைக்கலம் ஒன்றே. இருவரும் கற்றது ஒரே ஆசானிடம். ஆயினும், ஏவியதை மீட்க வல்லவன் ஒருவன். மீட்க மாட்டாதவன் மற்றொருவன். இந்த வேறுபாடு பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கியபோது, அதே வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது. கணிப்பொறிப் புழு என்று வழங்கும் நிரலின் வரலாற்றைப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை புலனாகும். அவ்வரலாற்றில் சில நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, அப்புழுக்கள் எவ்வாறு பரவின, எவ்வாறு அடக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

புழு என்பது யாது?

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். நாம் இட்ட வேலையைச் செய்து முடித்தவுடன் நின்றுவிடுவது பொதுவாக நிரலின் இயல்பு. புழு எனப்படும் நிரலோ, தான் இருக்கும் கணிப்பொறியிலிருந்து வலைப்பின்னல் வழியாக மற்றொரு கணிப்பொறிக்குத் தன் பிரதி ஒன்றை அனுப்புகிறது. அப்பிரதி அங்கே உயிர்பெற்று வேறொன்றைத் தேடுகிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது.

நச்சு நிரல் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கும் புழுவிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நச்சு நிரல் வேறொரு நிரலில் ஒட்டிக்கொண்டு, அந்நிரல் இயங்கும்போது தானும் இயங்கும். மரத்தில் புல்லுருவி ஒட்டி வாழ்வதைப் போன்றது அது. புழு தனித்து நின்று தானே ஊர்ந்து செல்லவல்லது. ஆதலின், ஒரு கட்டடத்துக்குள் கணிப்பொறிகள் நெருங்கிப் பிணைக்கப்பட்டிருக்கும் அலுவலக வலைப்பின்னல் புழுவுக்கு ஏற்ற விளைநிலமாகிறது.

1971ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஊர்தல் தொடங்கிவிட்டது. போல்ட், பெரானெக், நியூமன் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்த பாப் தாமஸ் என்பவர், கணிப்பொறியிலிருந்து கணிப்பொறிக்கு இடம்பெயரும் நிரல் ஒன்றை எழுதினார். அதற்கு 'கிரீப்பர்', அதாவது ஊர்வது, என்று பெயர். அது தீங்கொன்றும் செய்யவில்லை. தான் வந்திருப்பதை அறிவித்து, முடிந்தால் பிடித்துக்கொள் என்று விளையாட்டாகச் சவால் விட்டது. மின்னஞ்சலின் தந்தை எனப் போற்றப்படும் ரே டாம்லின்சன், பெருகும் தன்மையுடைய கிரீப்பர் ஒன்றைப் பின்னர் ஆக்கினார். அதனோடு, கிரீப்பரைத் தேடிப்பிடித்து அழிக்கும் 'ரீப்பர்' என்ற நிரலையும் அவரே எழுதினார். ரீப்பர் என்பது கதிரறுப்போனைக் குறிக்கும் சொல். பெருகும் நிரலை ஆக்கிய கையே அதனை அறுக்கும் அரிவாளையும் ஆக்கிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

பாலோ ஆல்ட்டோவில் ஒரு காலைப்பொழுது

கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்ட்டோ என்னும் ஊர் உள்ளது. படியெடுக்கும் பொறிகளுக்குப் பெயர்பெற்ற செராக்ஸ் நிறுவனம் 1970இல் அங்கே ஓர் ஆய்வு மையத்தை நிறுவியது. ஒருவர்க்கு ஒரு கணிப்பொறி என்பது கனவாக இருந்த அக்காலத்தில், 1973இல், 'ஆல்ட்டோ' என்ற தனியாள் கணிப்பொறி அம்மையத்தில் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே ராபர்ட் மெட்காஃப் என்பவர், கட்டடத்திலுள்ள ஆல்ட்டோக்களை ஒரே கம்பிவடத்தால் இணைக்கும் முறையைத் திட்டமிட்டு, டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதனைச் செயற்படுத்தினார். 'ஈத்தர்நெட்' என்று பெயர் பெற்ற அம்முறையின் வழிவந்ததே இன்றைய அலுவலகங்களில் நாம் காணும் வலைப்பின்னல். அக்கம்பிவடத்தில் இடப்படும் செய்தி, இணைந்துள்ள எல்லாப் பொறிகளின் காதுக்கும் எட்டும். ஊர் நடுவே முரசறைந்தால் எல்லா வீட்டாரும் கேட்பதைப் போன்றது அது.

1970களின் பிற்பகுதியில், அம்மையத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்ட்டோக்கள் இணைந்திருந்தன. பகலெல்லாம் உழைத்த அவை இரவில் வாளா கிடந்தன. ஆய்வாளர்கள் வீடு திரும்பியபின், தன் நினைவகம் பழுதின்றி உள்ளதா என்று சோதிக்கும் சிறு நிரலை ஒவ்வொரு பொறியும் இயக்கிக்கொண்டிருக்கும். இவ்வாறு வீணாகும் ஆற்றலைப் பயன்படுத்த இயலுமா என்று ஜான் ஷாக், ஜான் ஹப் என்னும் ஆய்வாளர் இருவர் எண்ணினர். ஒரு பொறியால் செய்ய இயலாத பெரிய கணக்கை, ஓய்ந்திருக்கும் பல பொறிகளுக்குப் பங்கிட்டுத் தந்தால் என்ன? இக்கேள்விக்கு விடையாகப் பிறந்ததே அவர்களுடைய புழு. ஜான் பிரன்னர் 1975இல் வெளியிட்ட அறிவியல் புதினம் ஒன்றில், வலைப்பின்னலில் உலவும் அழிக்கவொண்ணாத நாடாப்புழு நிரலைப் பற்றிய கற்பனை வந்தது. அப்பெயரையே இவர்களும் எடுத்துக்கொண்டனர்.

அதன் இயக்கம் எளிமையானது. புழுவின் ஒரு துண்டம் ஒரு பொறியில் அமர்ந்துகொண்டு, மற்றப் பொறிகளை நோக்கி, "நீ ஓய்வாக இருக்கிறாயா?" என்று வினவும். ஓய்வு என்று விடை வந்தால், வலைப்பின்னல் வழியாக அப்பொறியில் தன்னை ஏற்றிக்கொள்ளும். துண்டங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். காலையில் ஒருவர் வந்து தம் பொறியை மீண்டும் தொடக்கிப் பயன்படுத்தினால், அங்கிருந்த துண்டம் மறையும். மற்றத் துண்டங்கள் அவ்விழப்பை உணர்ந்து வேறொரு பொறியைத் தேடிக்கொள்ளும். பிறர் வட்டில் எதையும் எழுதுவதில்லை என்ற நெறியையும் அவர்கள் கடைப்பிடித்தனர். ஒருவர் இல்லாதபோது அவர் மேசையைப் பயன்படுத்தலாம். இழுப்பறையைத் திறத்தலாகாது என்பதைப் போன்ற பண்பாடு அது.

ஓர் இரவு, சிறிய புழு ஒன்றைச் சோதனையாக ஓடவிட்டுவிட்டு அவர்கள் வீடு சென்றனர். மறுநாட் காலையில் வந்து பார்த்தால், கட்டடமெங்கும் பொறிகள் செயலற்றுக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை மீண்டும் இயக்கினால், சோதனை நிரல் சிறிது நேரம் ஓடும். உடனே புழு வந்து பற்றிக்கொள்ளும். பற்றியவுடன் அப்பொறி மீண்டும் செயலிழக்கும். இடம்பெயரும்போது புழுவின் ஒரு பிரதி எவ்வாறோ சிதைந்துவிட்டது என்பது அவர்கள் பின்னர்க் கொண்ட முடிவு. சிதைந்த அந்நிரல் புகுந்த பொறி ஒவ்வொன்றும் வீழ்ந்தது. தன் துண்டங்கள் குறைவாக உள்ளன என்று கருதிய புழு, மேலும் மேலும் புதிய பொறிகளைத் தேடிக்கொண்டே இருந்தது.

கட்டடமோ பெரியது. எந்த அறையிலுள்ள எந்தப் பொறியில் புழு இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை அறிய வழியில்லை. அன்று காலை சில அறைகள் பூட்டிக் கிடந்தன. உள்ளே பொறி இயங்குகிறது; வெளியே நிற்பவரால் அதனை நிறுத்த இயலவில்லை. ஓர் அலுவலக வலைப்பின்னலில் புழு பரவும்போது எழும் இடர்கள் அனைத்தும் அந்தக் காலைப்பொழுதிலேயே தோன்றிவிட்டன. நோய் எங்கே உள்ளது என்று தெரியாமை ஒன்று. மருந்திட்ட பொறிக்கே நோய் மீண்டும் வருதல் மற்றொன்று. சில பொறிகளைக் கைக்கு எட்டாமை இன்னொன்று.

ஆயினும் நிலைமை கைமீறிப் போகவில்லை. இப்படி ஏதேனும் நேரலாம் என்ற தெளிவற்ற அச்சம் ஒன்று அவர்கள் உள்ளத்தில் முன்பே இருந்தது. அவ்வச்சத்தின் காரணமாக, புழுவை எழுதும்போதே அதற்குள் ஓர் அவசர வழியை அமைத்திருந்தனர். குறிப்பிட்ட ஒரு செய்தியைக் கேட்டால், வேறெந்த வேலையில் இருந்தாலும் அதனை விட்டுவிட்டு உடனே நின்றுவிட வேண்டும் என்பதே அவ்வேற்பாடு. புழுவைச் சாராத தனி நிரல் ஒன்றைக் கொண்டு அச்செய்தியை ஈத்தர்நெட்டில் இட்டனர். பூட்டிய அறைக்குள்ளும் அம்முரசொலி சென்றது. புழுக்கள் அனைத்தும் நின்றன. கட்டடமெங்கும் செத்துக் கிடந்த ஏறத்தாழ நூறு பொறிகளே எஞ்சின.

இந்நிகழ்ச்சியை அவ்விருவரும் மறைக்கவில்லை. 1982 மார்ச்சு மாதத்தில் கணிப்பொறி அறிஞர் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில், தங்கள் வெற்றிகளோடு இந்த இடரையும் விரிவாக எடுத்துரைத்தனர். இத்தகைய நிரலின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதே அருமையான செயல் என்றும் அதில் உணர்த்தினர். பின்வருவோர்க்கு விடுத்த எச்சரிக்கை எனலாம் அதனை.

வாழ்த்துடன் வந்த இடர்

அவ்வெச்சரிக்கை வெளிவந்து ஐந்தாண்டுகள் சென்றபின், 1987 டிசம்பரில், மேற்கு ஜெர்மனியின் கிளவுஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப விரும்பினார். அதற்காக அவர் எழுதிய நிரல், எழுத்துக்குறிகளாலேயே திரையில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை வரைந்து காட்டிற்று. பார்ப்பவர் மரத்தைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்கையில், அவருடைய முகவரிப் பட்டியலையும் கடிதப் போக்குவரத்துப் பதிவையும் படித்து, அவற்றிலுள்ள எல்லோர்க்கும் தன் பிரதியை அனுப்பிற்று. அக்கணிப்பொறிகளில் கோப்பின் பெயர் எட்டெழுத்துக்கு மேற்படலாகாது. ஆகவே, 'கிறிஸ்துமா' என்று வால் அறுந்த பெயருடன் அது உலகைச் சுற்றிற்று.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களை இணைத்த வலைப்பின்னலில் தொடங்கி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வலைப்பின்னலுக்குத் தாவி, அங்கிருந்து ஐபிஎம் நிறுவனத்தின் 'விநெட்' என்னும் உள்வலைப்பின்னலுக்குள் அது புகுந்தது. உலகின் பல நாடுகளிலும் இருந்த அந்நிறுவன அலுவலகங்களை இணைத்தது விநெட். அலுவலர் ஒருவர்க்கொருவர் நன்கு அறிமுகமானவர். முகவரிப் பட்டியல்களோ நீளமானவை. இக்காரணங்களால், பல்கலைக்கழகங்களைவிட அலுவலகத்தில் அது விரைந்து பெருகிற்று. வாழ்த்துகளின் பெருக்கால் போக்குவரத்து தடைப்பட்டது. வலைப்பின்னலை நிறுத்திவைத்து, வரிசையில் காத்துக் கிடந்த பிரதிகளைத் தேடிக் களைய வேண்டியதாயிற்று.

அந்நிரல் பூட்டை உடைத்து நுழைந்ததன்று. பெறுபவர் தாமே அதனை இயக்கினாலன்றி அது பரவாது. படித்துப் பார்த்திருந்தால் அதன் உள்நோக்கம் எவர்க்கும் விளங்கியிருக்கும். ஏனெனில், அது படிக்கத்தக்க எழுத்துவடிவிலேயே வந்தது. ஆனால், படிப்பதில் சுவையில்லை, இயக்கிப் பார் என்று நிரலின் உள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அறிந்தவர் பெயரால் வந்ததால் எவரும் ஐயுறவில்லை. அம்மாணவர் தீங்கு கருதியவராகத் தோன்றவில்லை. அவர் வாழ்த்தை அனுப்ப வழி வகுத்தார். அதனை நிறுத்த வழி வகுக்கவில்லை.

1988 நவம்பர் 2

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இவற்றினும் பெரிது. 1988 நவம்பர் 2, புதன்கிழமை மாலை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ராபர்ட் டாப்பன் மோரிஸ், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கணிப்பொறி ஒன்றிலிருந்து ஒரு புழுவை இணையத்தில் ஏவினார். அவருடைய தந்தையார் அமெரிக்க அரசின் தேசியக் கணிப்பொறிப் பாதுகாப்பு மையத்தில் பணியாற்றிய புகழ்பெற்ற அறிஞர் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. வலைப்பின்னல்களின் பாதுகாப்பு எவ்வளவு நலிந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே அப்புழுவின் நோக்கம் என்று பின்னர் நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிட்டது.

அது பல வழிகளில் நுழைந்தது. மின்னஞ்சல் அனுப்பும் நிரலில் சோதனைக்காக விடப்பட்டிருந்த ஒரு வாயில் முதல் வழி. பயனர் யார் என்று கூறும் 'ஃபிங்கர்' என்ற சேவையில், கொள்ளளவுக்கு மேற்பட்ட எழுத்துகளை அனுப்பித் தன் கட்டளையைப் புகுத்தியது இரண்டாம் வழி. ஒரு பொறி மற்றொரு பொறியைக் கேள்வியின்றி நம்பும் உறவைப் பயன்படுத்தியது மூன்றாம் வழி. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களை முயன்றது நான்காம் வழி. இதற்கென 432 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அது தன்னோடு சுமந்து சென்றது.

இங்கு நாம் நின்று நோக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரே பொறியில் பல புழுக்கள் கூடினால் பொறி திணறும். திணறினால் புழு வெளிப்பட்டுவிடும். ஆகவே, "இங்கே ஏற்கெனவே என் இனம் உண்டா?" என்று கேட்டு, உண்டு என்றால் பெருகாமல் விட்டுவிடும்படி மோரிஸ் அமைத்தார். பிறகு அவர்க்கு ஓர் ஐயம் எழுந்தது. பொறிகளைக் காப்பவர்கள் எல்லாப் பொறிகளையும் 'உண்டு' என்று பொய்யாகச் சொல்லச் செய்தால் புழு நின்றுவிடுமே! அதற்கு மாற்றாக, 'உண்டு' என்ற விடை வந்தாலும் ஏழு முறைக்கு ஒருமுறை அவ்விடையைப் பொருட்படுத்தாமல் பெருகுமாறு செய்தார். ஏழில் ஒன்று என்பது சிறிது எனக் கருதினார். புழு ஒரே பொறியை எத்தனை முறை அணுகும் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். ஒரு பொறியில் பல்கிய புழுக்கள் அதன் ஆற்றல் முழுவதையும் உறிஞ்சின. பொறிகள் தளர்ந்து வீழ்ந்தன. நிறுத்தி மீண்டும் தொடக்கினாலும், அண்டைப் பொறியிலிருந்து புழு மீண்டும் வந்தது. அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளுள் 6,000 தாக்கப்பட்டன என்பது பெரிதும் வழங்கிய மதிப்பீடு. கோப்பு ஒன்றையும் அப்புழு அழிக்கவில்லை. ஆயினும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் நாட்கணக்கில் முடங்கின.

பாலோ ஆல்ட்டோ ஆய்வாளர் இருவரும் தம் புழு நிற்காமற் போய்விடுமோ என்று அஞ்சினர். ஆகவே நிறுத்தும் சொல்லை அமைத்தனர். மோரிஸ் தம் புழுவைப் பிறர் நிறுத்திவிடுவரோ என்று அஞ்சினார். ஆகவே இருந்த தடையையும் தளர்த்தினார். இரு திறத்தாரும் அறிவில் குறைந்தவரல்லர். எதற்கு அஞ்சினர் என்பதிலேயே அவர்கள் வேறுபட்டனர். அவ்வேறுபாடே ஒரு காலைப்பொழுதில் முடிந்த இடருக்கும் ஒரு நாடே திகைத்த இடருக்கும் இடையிலுள்ள தொலைவு.

அடைபட்ட பாதையும் வெட்டிய பாதையும்

நிலைமை கைமீறியதைக் கண்ட மோரிஸ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த நண்பரோடு கலந்து பேசினார். புழுவைத் தடுக்கும் முறையை விளக்கும் பெயரற்ற செய்தி ஒன்று, நவம்பர் 3 விடியற்காலையில், ஹார்வர்டிலிருந்து அனுப்பப்பட்டது. ஆனால் அச்செய்தி செல்லவேண்டிய பாதையைப் புழுவே அடைத்துக்கொண்டிருந்தது. உரிய காலத்தில் அது எவர்க்கும் எட்டவில்லை. மீட்கும் சொல் அவரிடம் பிறந்தபோது, அச்சொல் செல்ல வழியில்லாமற் போயிற்று. முன்கூட்டி வழி அமைக்காதவர்க்குக் கடைசி நேரத்து நல்லெண்ணம் கைகொடுக்கவில்லை.

பரவலை அடக்கிய பெருமை, பொறிகளைக் காத்துநின்ற பலரைச் சாரும். பெர்க்கிலி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அன்று விடியற்காலையிலேயே மின்னஞ்சல் நிரலின் வாயிலை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டனர். பர்டியூ பல்கலைக்கழகத்தாரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் இரவு பகலாகப் புழுவைப் பிரித்து ஆராய்ந்தனர். புழு ஒரு பொறிக்குள் முதலில் அனுப்பும் சிறு நிரலை, அப்பொறியிலுள்ள தொகுப்பி நிரலே இயங்கும் வடிவுக்கு மாற்றித் தரவேண்டியிருந்தது. அதனால், தொகுப்பியின் பெயரைச் சிறிது காலம் மாற்றி வைத்தாலே புழு திகைக்கும் என்பதையும் கண்டனர். வாக்ஸ், சன் என்னும் இருவகைப் பொறிகளில், ஒரு குறிப்பிட்ட குடும்பத்து யூனிக்ஸ் மென்பொருள் இயங்கியவற்றை மட்டுமே அது தாக்கிற்று. பலவகைப் பொறிகளை வைத்திருந்த நிலையங்கள் முற்றும் முடங்காமல் தப்பியது இதனாலேயே.

அச்சமயத்தில் பல நிலையங்கள் வேறொரு முடிவையும் எடுத்தன. இணையத்திலிருந்து தம் கம்பியைப் பிடுங்கிக்கொண்டன. நோய் பரவும் ஊரில் கதவைச் சாத்திக்கொள்வது இயல்பே. அதனால் பல பொறிகள் காப்பாற்றப்பட்டன என்பதும் உண்மையே. ஆனால் மருந்தும் அதே கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. கம்பியை வெட்டியவர்கள், பெர்க்கிலியின் திருத்தம் வெளியானதை அறியாமல் இருளில் இருந்தனர். அண்டை நிலையத்தாரோடு எப்போதும் மின்னஞ்சலிலேயே பேசிப் பழகியோர், தொலைபேசியை நாடவேண்டியதாயிற்று.

இந்த அனுபவத்தின் பயனாக, அம்மாதத்திலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அவசரநிலைகளுக்கான செயற்குழு ஒன்று அமெரிக்க அரசின் ஆதரவோடு தொடங்கப்பட்டது. இடர் நேரும்போது யாரை அழைப்பது, யார் யாருக்கு அறிவிப்பது என்னும் கேள்விகளுக்கு இடர் நேருமுன்பே விடை கண்டுவைப்பது அதன் நோக்கம். மோரிஸ் 1990இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத் தொண்டும், 10,050 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே பேராசிரியராகி நற்பணி ஆற்றினார் என்பதையும் சொல்லுதல் முறை.

கள்வன் விட்டுச்சென்ற சாவி

மீட்கும் சொல்லின் அருமையைப் பிற்காலத்து நிகழ்ச்சியொன்றும் காட்டிற்று. 2017 மே 12ஆம் நாள், 'வான்னாகிரை' என்னும் புழு உலகெங்கும் பரவிற்று. இது விளையாட்டோ ஆய்வோ அன்று. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கொள்ளை. ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகள் தாக்கப்பட்டன; பிரித்தானிய மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சு மாதத்தில், வெளியிட்டிருந்தது. அதனை நிறுவிக்கொள்ளாத பொறிகளே இரையாயின.

இங்கிலாந்தைச் சேர்ந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் அப்புழுவை ஆராய்கையில், எவரும் பதிவு செய்திராத ஓர் இணைய முகவரியை அது நாடுவதைக் கண்டார். புழுவின் போக்கை அறியும் பொருட்டு அம்முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்தார். அம்முகவரியிலிருந்து விடை கிடைத்தால் புழு நின்றுவிடும்படி அதன் ஆக்கியோர் எழுதியிருந்தமை பின்னரே தெரியவந்தது. பரவல் பெருமளவு தணிந்தது. கள்வர் வைத்துப்போன சாவி காவலர் கையில் சிக்கியது போலாயிற்று. இங்கும் 1988இன் முரண் மீண்டும் தோன்றியது. அச்சம் காரணமாக அம்முகவரிக்குச் செல்லும் வழியைத் தம் அலுவலகத்தில் அடைத்தோர், நிறுத்தும் சொல்லையும் சேர்த்தே அடைத்தோராயினர். ஆகவே, அம்முகவரியை அடைக்கவேண்டாம் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் அலுவலகங்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

கற்கும் பாடம்

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்து நோக்கினால், புழுவை அடக்கும் பணி அது பரவிய பின்னர்த் தொடங்குவதில்லை என்பது விளங்கும். வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்ற நம் முன்னோர் மொழி இங்கும் பொருந்துகிறது. பொறிகள் எவை, அவை எங்குள்ளன, எந்த அறையின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்ற பட்டியல் முன்பே இருத்தல் வேண்டும். ஒரு பகுதியைத் துண்டிக்கும்போது மற்றப் பகுதிகளோடு பேசுவதற்கு வேறு வழி இருத்தல் வேண்டும். துளையை அடைக்கும் திருத்தம் வந்தவுடன் அதனை நிறுவுதல் வேண்டும். அடைக்காமல் துடைத்த பொறி மீண்டும் நோயுறும் என்பதைப் பாலோ ஆல்ட்டோவும் கார்னெல் மாணவரின் புழுவும் ஒருங்கே காட்டின. எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்ந்ததை மறையாது உடனே சொல்லும் துணிவு வேண்டும். ஷாக்கும் ஹப்பும் அதைச் செய்தனர். நூறு பொறிகள் வீழ்ந்த கதையை அவர்கள் எழுதாதிருந்தால், அவசர வழியின் அருமையை நாம் வேறு யாரிடம் கற்றிருப்போம்?

இன்று நம் பள்ளிகளிலேயே மாணவர்கள் நிரல் எழுதக் கற்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. ஒன்றை இயக்குவது எப்படி என்று கற்பிக்கும் பாடநூல்கள் பல. இயக்கியதை நிறுத்துவது எப்படி என்ற கேள்வியையும் அதே பாடத்தில், அதே நாளில் ஆசிரியர் கேட்கவேண்டும். பெருகும் தன்மையுள்ள எதனையும் ஆக்குமுன், அது தவறிப் போகும் நாளில் அதன் காதுக்கு எட்டும் சொல் எது, அச்சொல் செல்லும் வழி எது என்று எழுதிவைக்கும் பழக்கத்தை மாணவர் பெறவேண்டும். பாலோ ஆல்ட்டோவில் அந்தச் சொல் ஒரே ஒரு செய்திப் பொட்டலமாக இருந்தது. அதனை எழுதிவைக்கச் செய்தது வெறும் ஓர் அச்சம். பூட்டிக் கிடந்த அறைகளுக்குள் சென்று புழுவை நிறுத்தியதும் அதுவே.